நேரம் கேட்டவனிடம் முகவரி எதற்கு?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் உட்சுவரில், மிம்பருக்கு வலப்புறமாக, நெடுங்காலமாகத் தொங்கிவருவது தொழுகை நேர அட்டவணை. ஆண்டின் எல்லா நாள்களுக்கும் ஐவேளைத் தொழுகையின் நேரங்களை நிமிடக் கணக்கில் காட்டும் ஒற்றைத் தாள். கண்ணாடி மங்கிவிட்டது, சட்டத்தின் ஓரங்களைச் செல் அரித்துவிட்டது. புதிய தாள் அச்சிட்டு மாட்டுவதா, வேண்டாமா என்பது சென்ற மாத ஜமாஅத் கூட்டத்தில் பேசப்பட்ட சிறு பொருள்களுள் ஒன்று.

“கையிலேயே எல்லாம் இருக்கிறதே ஹஜ்ரத்! பாங்கு நேரமும் கைப்பேசி சொல்கிறது. கிப்லாவும் அதுவே காட்டுகிறது. சுவரில் எதற்கு இன்னொரு தாள்?” என்றார் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர். என்னிடம் ஓதிய பிள்ளைதான். கூட்டம் தலையசைத்தது. நான் மறுத்தேன். பழமைப் பித்து என்று சிலர் முறுவலித்தனர். கூட்டத்தில் விரித்துரைக்க நேரமில்லை. முடிவும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த முறுவலுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் கைப்பேசிக்குப் பகைவனல்லன். என் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கிறது. கடல் கடந்து பிழைக்கப்போன பிள்ளையின் குரலை நள்ளிரவிலும் கேட்கும் தாயின் முகத்தைக் கண்டவன் எவனும் அக்கருவியைப் பழிக்க மாட்டான். என் வழக்கு கருவியின்மீதன்று. அது தரும் வசதிக்கு ஈடாக நம்மிடமிருந்து எது எடுக்கப்படுகிறது, எடுக்கப்படுவது அந்த வசதிக்குத் தேவைதானா என்பதே என் கேள்வி.

பொதுப்படப் பேசாமல் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. முஸ்லிம் புரோ என்பது தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் செயலி. சிங்கப்பூரைச் சேர்ந்த நிறுவனம் நடத்துவது. 9 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது பதிவிறக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கிறார்கள் என்னும் இடக்குறிப்புகள் எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றுகொண்டிருந்தன. எக்ஸ்-மோட் அத்தகைய குறிப்புகளைத் திரட்டி விற்பதையே தொழிலாகக் கொண்டது. அதனிடம் வாங்கியவர்களுள் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர். செயலியை நடத்துவோர், தாம் இராணுவத்துக்கு எதையும் விற்கவில்லை என்று மறுத்தனர். எக்ஸ்-மோடுடன் கொண்ட தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தனர். நேர்மை கருதி அதையும் பதிந்து வைக்கிறேன்.

அன்பர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒருவன் வைகறையில் எழுகிறான். தொழுகைக்கு நேரம் என்ன, எத்திசை நோக்கி நிற்பது என்று கேட்கிறான். உலகில் இதைவிடக் குற்றமற்ற கேள்வி உண்டா? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் கேட்டவன் படுத்திருந்த வீடு எது, அவன் நடந்த தெரு எது, நுழைந்த பள்ளி எது என்பதெல்லாம் அவன் பெயரறியாத ஒருவரின் கடைச் சரக்காயிற்று. வாங்குவதற்கு ஆள் இருந்தது. விலையும் இருந்தது. சரக்கானவனுக்கு மட்டும் செய்தி இல்லை.

“இடம் தெரியாமல் நேரத்தையும் திசையையும் எப்படிக் கணிப்பது? வசதி வேண்டுமென்றால் இடத்தைச் சொல்லத்தானே வேண்டும்?” என்று கேட்பார்கள். இக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் மோசடி ஒளிந்திருக்கிறது. மத்ரஸாவில் வானியல் ஓதியவர்கள் இதை எளிதில் அறிவர். ஞாயிறு ஒரு நாளில் 360 பாகை சுற்றிவருவதாகத் தோன்றுகிறது. ஆகவே கிழக்கு மேற்காக ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் தமிழகத்தின் அட்சத்தில் கால் பாகை என்பது ஏறத்தாழ 27 கிலோமீட்டர். அதாவது கிழக்கிலோ மேற்கிலோ 27 கிலோமீட்டர் நடந்தால்தான் உச்சிப்பொழுது ஒரு நிமிடம் மாறும். கிப்லாவோ இன்னும் பெருந்தன்மை உடையது. சென்னையிலிருந்து மக்கா ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் தொலைவு. பத்துக் கிலோமீட்டர் இப்பக்கமோ அப்பக்கமோ நகர்ந்தாலும் திசை கால் பாகைகூட மாறாது.

இதன் பொருள் என்ன? தொழுகைக்கு வேண்டியது ஊரின் பெயர். அவ்வளவே. எந்தத் தெரு, எந்த வீடு, மாடியா கீழ்த்தளமா என்பது கணக்குக்குள் வரவே வராது. ஊரின் பெயரைக் கேட்டு நேரம் சொன்னால் அது வசதி. சில அடித் துல்லியத்தில் ஆளின் இருப்பிடத்தை எடுத்துக்கொண்டு, அதையும் இரவு பகலாகத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு, நேரம் சொன்னால் அது வசதியன்று. வசதியின் போர்வையில் நடக்கும் வேறொரு தொழில்.

நம் முன்னோர் இடத்தைக் கணிப்பதில் பின்தங்கியவர்களா? அல்பிரூனி கஸ்னா நகரின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் கணித்து, அதன் கிப்லாவை நிறுவுவதற்காகவே ஒரு பெருநூலை இயற்றினார். அது முற்றுப்பெற்றது கி.பி. 1025இல். டமாஸ்கஸின் உமய்யாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராய், முவக்கித்தாய், இருந்த இப்னு ஷாதிர் கி.பி. 1371ஆம் ஆண்டளவில் அப்பள்ளியின் மினாராவுக்கெனப் பெரியதொரு பளிங்குச் சூரியக் கடிகாரத்தை அமைத்தார். தன்னைப் பார்த்த எவருக்கும் அது நேரம் சொல்லிற்று. பார்த்தவர் அரசரா, கூலியாளரா, எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்று அது கேட்கவில்லை. ஊர் எங்கே இருக்கிறது என்று அறிவது கலை. ஆள் எங்கே இருக்கிறான் என்று அறிந்துகொண்டே இருப்பது கண்காணிப்பு. இரண்டும் ஒன்றல்ல.

“அது பளிங்குக் கல்லின் காலம், இன்றைய கருவிகளின் இயல்பு வேறு” என்பார் உண்டு. இன்றைய கருவியையே எடுத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாட்டில் இருபத்து நான்குக்குக் குறையாத செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை செய்வது ஒன்றே: தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பது. கைப்பேசி அவற்றுள் நான்கின் குரலைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. அந்தக் கோள்களுக்குக் கேட்பவன் எவன் என்று தெரியாது. கேட்கிறான் என்பதுகூடத் தெரியாது. ஆம், வானத்திலுள்ள அந்த யந்திரங்களும் இப்னு ஷாதிரின் பளிங்குக் கல்லைப் போன்றவையே. நம் இடத்தை வெளியே கொண்டுபோவது வானமன்று. கையிலுள்ள கருவியில் அமர்ந்திருக்கும் செயலி. ஆக, தொழில்நுட்பத்தின்மீது பழி போடுவதற்கும் இடமில்லை.

கைப்பேசிக் கோபுரத்தின் நிலை இதனின்றும் வேறு. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரை அழைத்தால் மணி அவர் பையில் அடிக்க வேண்டுமே? நாடு முழுவதும் உள்ள எல்லாக் கோபுரங்களும் ஒவ்வோர் அழைப்புக்கும் கூவிக்கொண்டிருக்க இயலாது. எனவே கைப்பேசி சும்மா கிடக்கும்போதும், தான் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதை வலையமைப்புக்கு இடையிடையே தெரிவிக்கிறது. ஒரு வட்டாரம் விட்டு மறு வட்டாரம் புகும்போது மீண்டும் தெரிவிக்கிறது. அழைப்பு வந்தால் அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் மட்டும் அதைத் தேடுகின்றன. பேசத் தொடங்கியதும் எந்தக் கோபுரம் என்பது தெரிந்துவிடுகிறது. இது இல்லையேல் பேச்சே இல்லை. இந்த அளவுக்கு இடமறிதல் நியாயம். கடிதம் கொணர்பவர் வீட்டு எண்ணை அறிவது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயம்.

ஆனால் கடிதத்தைக் கொடுத்த பின்பு அவர் திண்ணையிலேயே அமர்ந்து, வீட்டுக்கு யார் வருகிறார், எப்போது போகிறார் என்று ஏட்டில் எழுதத் தொடங்கினால்? அந்த ஏட்டை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால்? பிறகு அதைச் சந்தையில் விலை கூறினால்? இங்கேதான் நாம் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். அறிதல் ஒன்று, வைத்திருத்தல் ஒன்று, விற்றல் ஒன்று. மணி அடிப்பதற்கு வேண்டியது இந்தக் கணத்து இடத்தை அறிதல் மட்டுமே. நேற்று எங்கிருந்தேன் என்பது இன்றைய அழைப்புக்கு எள்ளளவும் உதவாது. கட்டணக் கணக்குக்குச் சில குறிப்புகள் சில காலம் வேண்டும் என்பார்கள். வேண்டிய அளவு, வேண்டிய காலம் வைத்திருக்கட்டும். ஆனால் முதலாவதற்குத் தந்த இசைவைக் காட்டி மற்ற இரண்டையும் செய்துகொள்வதும், கேட்டால் ‘வசதி வேண்டாமா?’ என்று மடக்குவதும் நேர்மையான வழக்கு ஆகாது.

வலையமைப்பை வகுத்த பொறியாளர்களே இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி அமைப்பிலேயே, சந்தாதாரரின் நிலையான எண்ணை வானலையில் திரும்பத் திரும்பச் சொல்லாமல், அடிக்கடி மாறும் தற்காலிக எண்ணைச் சொல்லும் ஏற்பாடு உண்டு. ஒட்டுக்கேட்பவன் ஒருவரைப் பின்தொடரக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஐந்தாம் தலைமுறையில் அந்த நிலையான எண்ணையே மறையெழுத்தாக்கி அனுப்பும் வழி வகுக்கப்பட்டது. மறைவைக் காப்பதால் வசதி கெடவில்லை. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“கோபுரத்தின் பெயரை எழுதி வைத்தால் என்ன பெரிய கேடு?” என்று அலட்சியமாகக் கேட்போருக்கு மூன்று செய்திகளைச் சொல்கிறேன். ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த அரசியலாளர் மால்ட்டே ஷ்பிட்ஸ் தம் தொலைபேசி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து, தம்மைப் பற்றி அது வைத்திருந்த ஆறு மாதக் குறிப்புகளைப் பெற்றார். மொத்தம் 35,830 பதிவுகள். 2011இல் அவை ஒரு செய்தித்தாளின் துணையோடு வரைபடமாக வெளியிடப்பட்டபோது, அவர் எந்த ஊரில் உறங்கினார், எந்தத் தொடர்வண்டியில் சென்றார் என்று அவருடைய ஆறு மாத வாழ்க்கையையும் நாடே பார்க்க முடிந்தது. இரண்டாவது, 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 15 இலட்சம் பேரின் 15 மாத நடமாட்டக் குறிப்புகளைப் பெயர் நீக்கி ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்நேரம் எங்கிருந்தார் என்னும் குறிப்புகள் நான்கு போதும். நூற்றில் 95 பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். ‘பெயரில்லாத குறிப்புத்தானே’ என்று நமக்குச் சொல்லப்படும் ஆறுதலின் மதிப்பு இவ்வளவுதான். மூன்றாவது, அமெரிக்காவின் கார்ப்பென்டர் வழக்கு. ஒரு கொள்ளை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் 127 நாள் நடமாட்டத்தை, 12,898 குறிப்புகளாக, அதற்குரிய நீதிமன்றப் பிடியாணை இல்லாமல் புலனாய்வாளர்கள் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து பெற்றனர். 2018 ஜூன் மாதம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், இத்தகைய குறிப்புகளைப் பெறப் பொதுவாகப் பிடியாணை வேண்டும் என்று தீர்த்தது. கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்டவனின் சுவடுக்கே நீதிபதியின் கையொப்பம் வேண்டுமென்றால், தொழுகைக்கு நேரம் கேட்டவனின் சுவடு வெறும் காசுக்குக் கிடைக்கலாமா?

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். முதலாவது, நம் ஊரில் எல்லாரும் சொல்வது: “மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? குற்றம் செய்யாதவனுக்கு என்ன அச்சம்?” இப்பழமொழியைச் சொல்வோர் அதன் பொருளை எண்ணியதில்லை. வழியில் பயம் எதனால் வருகிறது? கள்வனால். ஆக, வழியில் கள்வன் நிற்கிறான் என்பதைப் பழமொழியே ஒப்புக்கொள்கிறது! மடியில் கனம் வைத்திருப்பவன் குற்றவாளி என்று அது சொல்லவில்லை. அவன் பொருளுடையவன் என்றே சொல்கிறது. மானமுள்ள எவன் மடியில் கனமில்லை? மகளுக்கு வரன் பார்க்கப்போன வீடு, மனநோய் மருத்துவரின் வாசல், கடன் கேட்டு ஏறி இறங்கிய படிகள், பிணங்கிய உடன்பிறந்தானோடு இரகசியமாகச் செய்துகொண்ட சமாதானம் - இவை எவையும் குற்றமல்ல. ஆயினும் இவை ஊரார் வாயில் விழுவதை யார் விரும்புவார்? 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், மேற்சொன்ன எக்ஸ்-மோடின்மீதும் அதன் வாரிசு நிறுவனத்தின்மீதும் நடவடிக்கை எடுத்து, மருத்துவ நிலையம், வழிபாட்டுத்தலம், வீட்டுக் கொடுமைக்குத் தப்பியோரின் புகலிடம் போன்ற இடங்களைக் காட்டும் குறிப்புகளை விற்கக் கூடாதென்று தடுத்தது. அந்தப் பட்டியலைப் பாருங்கள். அதில் குற்றவாளியின் குகை ஒன்றாவது உண்டா?

இரண்டாவது மறுப்பு பக்தியின் உருவில் வருகிறது: “எல்லாவற்றையும் இறைவன் அறிகிறான், மனிதனும் அறிந்துவிட்டுப் போகட்டுமே!” இதைச் சொன்னவர் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர், ஆகவே மரியாதையோடு மறுக்கிறேன். எல்லாம் அறிந்தவன் எல்லாவற்றையும் மறைப்பவனாகவும் இருக்கிறான். அடியார்களின் குறைகளை மூடுவது அவனுடைய பண்பு என்று நாம் ஓதியிருக்கிறோம். அவனிடமுள்ள ஏட்டில் பாவமன்னிப்பு எழுத்தை அழிக்கிறது. நிறுவனத்தின் ஏட்டில் எந்தத் தவ்பா எதை அழிக்கும்? மறைக்கும் அருளில்லாத அறிவை இறைவனின் அறிவோடு ஒப்பிடுவதே அடக்கக் குறைவு. மனிதருக்கு விதிக்கப்பட்டதோ வேறு: திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் பிறரை உளவறிவதைத் தடுக்கிறது, நூர் அத்தியாயம் பிறர் வீட்டினுள் இசைவு பெறாமலும் சலாம் உரைக்காமலும் நுழைவதைத் தடுக்கிறது.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று ஆலிம்கள் அறிந்ததே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருவரின் வீட்டுச் சுவரேறி, உள்ளே அவர் தகாத செயலில் இருப்பதைக் கண்டு கடிந்துகொண்டார்கள். அவரோ, தாம் செய்த பிழை ஒன்று. கலீஃபா செய்தவை மூன்று என்றார்: உளவறிந்தது, வாசல் வழியாக வராதது, இசைவும் சலாமும் இன்றி நுழைந்தது. கலீஃபா அவரை விட்டுவிட்டார்கள். இங்கே ஊன்றிப் பார்க்க வேண்டியது யாதெனில், அந்த வீட்டுக்காரர் குற்றமற்றவரல்லர். குற்றம் செய்தவரின் சுவருக்கே அந்த மதிப்பு இருந்தது. இன்று குற்றமேதும் செய்யாத நம் சுவர்களை ஏறுகிறவர்கள் கலீஃபாக்களுமல்லர். நம் திருத்தத்தை நாடி ஏறுகிறவர்களுமல்லர்.

மூன்றாவது மறுப்பு: “இசைவு கேட்டுத்தானே எடுக்கிறார்கள்? நீங்கள்தானே ‘சம்மதம்’ என்று அழுத்தினீர்கள்?” வணிகச் சட்டம் ஓதிய நாம் இதை ஏற்க முடியுமா? விற்பது எது, எவ்வளவு, யாருக்கு என்று தெரியாத வணிகத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்று கூறித் தள்ளுகின்றன. கடலிலுள்ள மீனையும் வானத்தில் பறக்கும் பறவையையும் விற்கக் கூடாதென்பது நம் சிறுபிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. பல பக்கம் நீளும் ஆங்கில நிபந்தனைகளை, வாசிக்க மாட்டான் என்று தெரிந்தே நீட்டி, ‘கிப்லா காட்டுவதற்காக’ என்று முன்னே சொல்லிப் பின்னே விற்பனைக்கு அனுப்புவது அதனினும் மோசமானது. மீன் விற்றவனாவது மீன் என்று சொன்னான். ஒரு காரியத்துக்காக ஒப்படைத்த பொருள் அமானிதம். அதை வேறு காரியத்துக்குத் திருப்பினால் அதன் பெயர் மோசடி. இதற்குப் புதுச் சட்டம் தேடவேண்டியதில்லை.

நான்காவது மறுப்பே கனமானது; அதை நான் எளிதாக எண்ணவில்லை. “வெள்ளத்தில் சிக்கியவனை மீட்க வேண்டாமா? காணாமற்போன குழந்தையைத் தேட வேண்டாமா? கொலைகாரனைப் பிடிக்க வேண்டாமா?” வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு எல்லாரையும் எந்நேரமும் பின்தொடர வேண்டுமா என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 112 என்னும் அவசர எண்ணை அழைக்கும்போது அழைப்பவரின் இடம் மீட்புப் பணியாளருக்குத் தானாகவே சென்று சேரும் ஏற்பாடு உண்டு. 2022 மார்ச்சு முதல் புதிதாக விற்பனைக்கு வரும் திறன்பேசிகளுக்கு அவ்வசதி அங்கே கட்டாயம். அழைத்தவன் இடத்தைச் சொல்கிறான். ஆபத்து நேரத்தில் மட்டும் சொல்கிறான். மீட்க வருபவரிடம் மட்டும் சொல்கிறான். இதுவன்றோ முறை! குற்றப் புலனாய்வுக்கும் இவ்வாறே: இன்னார்மீது இன்ன ஐயம் என்று நீதிபதியின் முன் எடுத்துரைத்து ஆணை பெறட்டும். ஒரு கள்வனுக்காக ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கதவையும் கழற்றி வைக்கச் சொல்வது காவலன்று.

வைத்திருத்தலைக் கைவிட்டால் வலையமைப்பே நின்றுவிடும் என்று அச்சுறுத்துவோருக்கும் ஒரு சொல். 2010 மார்ச்சு மாதத்தில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், எல்லாருடைய தொலைபேசிக் குறிப்புகளையும் ஆறு மாதம் வைத்திருக்கச் சொன்ன சட்டம் செல்லாது என்று தீர்த்து, அதன்படி திரட்டியவற்றை அழிக்க ஆணையிட்டது. 2014 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தகைய சட்டங்களுக்கு மூலமான ஒன்றியத்தின் நெறியாணையையே செல்லாததாக்கிற்று. மறுநாள் பெர்லினில் தொலைபேசிகள் ஊமையாயினவா? மணி அடிக்காமல் நின்றதா? இல்லையே!

நம் நாட்டின் நிலை என்ன? 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் அதே நீதிமன்றம், பிணையில் விடப்பட்டவர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் காவலருக்கு எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை செல்லாது என்று கூறிற்று. குற்றம் சாட்டப்பட்டு விசாரணையில் இருப்பவருக்கே அந்த மதிப்பு. மகிழ்ச்சி. ஆனால் மறுபுறம் பாருங்கள். தொலைபேசி நிறுவனங்கள் அழைப்புக் குறிப்புகளை வைத்திருக்க வேண்டிய காலத்தை, 2021 டிசம்பரில் மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தியது. யார் யாரோடு பேசினார் என்பதோடு, எந்தக் கோபுரத்தின் நிழலில் நின்று பேசினார் என்பதும் அக்குறிப்புகளில் உண்டு. 2023இல் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டன. அச்சட்டத்திலேயே, அரசு விரும்பும் அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை ஒன்றின்மூலம் விலக்களிக்கும் வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. வணிகனுக்குப் பூட்டு, அதிகாரிக்குத் திறவுகோல்! பூட்டுப் போட்டதைப் பாராட்டுகிறேன். திறவுகோலை நீதிபதியிடம் கொடுக்காததைக் கண்டிக்கிறேன்.

நம்மால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். தொழுகை நேரச் செயலி வைத்திருப்போர் இடமறியும் இசைவை நீக்கிவிட்டு, ஊரின் பெயரைக் கையால் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலான செயலிகள் அதை ஏற்கின்றன. வழி தேடும்போது மட்டும் இசைவு, தேவை முடிந்ததும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். துல்லிய இடத்துக்குப் பதிலாகத் தோராயமான இடத்தை மட்டும் தரும் வழி இன்றைய கைப்பேசிகளில் உண்டு. வானிலைக்கும் தொழுகைக்கும் அது தாராளமாகப் போதும். இவை செயலியைத் தடுக்கும், கோபுரத்தைத் தடுக்கமாட்டா. கோபுரத்தின் ஏட்டுக்கு வரம்பிடச் சட்டத்தால் மட்டுமே இயலும். அதற்குக் குரல் எழுப்ப வேண்டியவர்கள் வழக்கறிஞர்கள் மட்டுமல்லர். மானத்தைப் பெரிதாக எண்ணும் அனைவரும்.

ஜமாஅத்தார்க்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அந்த அட்டவணையை அச்சிடுங்கள். கைப்பேசி கூடாது என்பதற்காக அன்று. கைப்பேசி இல்லாமலும் ஒருவன் நேரம் அறியும் உரிமை ஊரில் எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்காக. மாற்று வழியெல்லாம் அடைபட்ட பின் தரப்படும் சம்மதம் சம்மதமன்று. மோதினார் சாஹிபு மினாராவிலிருந்து அழைக்கிறார். அவ்வழைப்பு எல்லார் காதிலும் விழுகிறது. எழுந்தவர் யார், எழாதவர் யார் என்று அவர் ஏட்டில் குறித்துக்கொள்வதில்லை. அதனால் அவர் அழைப்பில் என்ன குறைந்துவிட்டது? அச்சுக்கூலி எவ்வளவு ஆகுமென்று கேட்டுச் சொல்லுங்கள்; முதல் பங்கை நான் தருகிறேன். அந்தப் பொறியியல் பிள்ளையிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன்: ஊரின் பெயரைத் தவிர வேறெதையும் கேட்காத செயலி ஒன்றை அவர் எழுதித் தரட்டும். அதை முதலில் என் கைப்பேசியில் ஏற்றிக்கொள்கிறேன். சுவரிலுள்ள தாளுக்குப் பக்கத்திலேயே அதன் பெயரையும் எழுதி ஒட்டுவோம்.